பெரிய எஞ்சின், பழைய பிரேக்

ஜாசின் எஸ்டேட்டில் ஓடிய மாமாவின் லேண்ட் ரோவர் சீரீஸ் 3-இல் இருந்தது 2,286 சிசி டீசல் எஞ்சின். அதை இறக்கிவிட்டு 2,771 சிசி இசுசு 4ஜேபி1 டர்போ ஏற்றினோம். எஞ்சின் மவுண்டுக்கு அளவெடுத்தது நான்தான். ஏற்றத்தில் என்னமா இழுக்குது!

ஆனால் நான்கு சக்கரத்திலும் அதே பழைய டிரம் பிரேக். ஜேபிஜே கிராண்டிலும் பழைய எஞ்சின் நம்பர்தான். "ஓடுதுல்ல, விடுடா" என்றார் மாமா. வேகம் பிடித்துப்போய் நானும் தலையாட்டினேன்.

கட உபநிடதத்தில் உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. குதிரையை மாற்றியவன் கடிவாளத்தைப் பார்க்க வேண்டாமா? மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் பிள்ளைகளை இதில்தான் ஏற்றுவார் மாமா. பிரேக்கைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியுமே.

சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். மாமா இன்னும் என்னிடம் பேசவில்லை.