மூச்சு முட்டுவது எதற்காக?

ஊருக்கு நல்லது செய்ய ஒருவர் பணம் திரட்ட நினைக்கிறார். அதற்காக மலைப்பாதையில் 160 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கப் போவதாகச் சொல்லித் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்கிறார். மிதிப்பதற்கும் கொடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. மலையேறும் சைக்கிளின் விலை, போக வரச் செலவு, தங்குமிடம், வேலையை விட்டுப் பயிற்சியில் கழித்த நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால், சிலருக்காவது திரட்டிய தொகையைவிடச் செலவழித்த தொகை பெரிதாக வரும். அந்தப் பணத்தை ஓர் உறையில் போட்டு நேரே கொடுத்திருக்கலாமே என்பவரின் கணக்கில் பிழையில்லை. அவரைக் கஞ்சன் என்று சொல்லி வாயடைப்பது நியாயமும் இல்லை. ஆனால் அவர் கணக்கில் வராத ஒரு வரவு இருக்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள லெட்வில் என்ற சிற்றூரின் கதையில் அது தெளிவாகத் தெரிகிறது.

லெட்வில் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. 1870களின் இறுதியில் வெள்ளி கிடைத்து ஊர் பெருத்தது. 1893இல் வெள்ளி விலை விழுந்ததும் இளைத்தது. அதற்குப் பிறகு அதற்குச் சோறு போட்டது பக்கத்து மலையில் இருந்த கிளைமாக்ஸ் சுரங்கம். எஃகுக்கு உறுதி சேர்க்கும் மாலிப்டினம் அங்கே கிடைத்தது. உலகத் தேவையில் பெரும்பங்கை அந்த ஒரே மலை கொடுத்த காலமும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் எஃகுத் தொழில் படுத்தபோது சுரங்கத்தில் வேலை நின்றது. ஏறத்தாழ 3,000 பேருக்குப் பிழைப்பு போயிற்று. ஊரின் வரி வருவாயில் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. மிஞ்சியவை என்ன? மூச்சுக்குப் போதாத காற்று, பயிர் பிடிக்காத குளிர், கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகள், ஈயமும் துத்தநாகமும் கலந்த கழிவுக் குவியல்கள். 1983இல் அந்தக் குவியல்களை மத்திய அரசு நச்சுக்கழிவு அகற்ற வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில்தான் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளியான கென் க்ளோபர் தன் ஊரில் 100 மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். சைக்கிள் பந்தயம் 1994இல் வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, எதை விற்க அவர் முனைந்தார் என்பது. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைவு. சைக்கிள் பந்தயம் ஊரில் தொடங்கி, பழைய கொலம்பைன் சுரங்கம் இருந்த இடம்வரை, அதாவது 3,700 மீட்டருக்கும் மேலே ஏறி, வந்த வழியே திரும்புகிறது. திரும்பும் வழியில், கால்கள் தளர்ந்த நேரத்தில், மின்கம்பிகளுக்குக் கீழே செங்குத்தாகப் போகும் ‘பவர்லைன்’ ஏற்றம் வரும். பெரும்பாலானோர் அங்கே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். வேறு ஊர் என்றால் இதையெல்லாம் குறையாக நினைத்து மறைத்திருக்கும். லெட்வில் அதையே கடைவிரித்தது. மலிவாகவும் சுகமாகவும் ஒரு பந்தயம் நடத்தியிருந்தால் வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேறு ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். உடல் அந்தக் காற்றுக்குப் பழகச் சில நாள் முன்னதாக வரவேண்டும், முடித்தபின் ஒரு நாளாவது படுத்துக் கிடக்கவேண்டும் என்பதால் அறையும் சாப்பாடும் விற்றன. சிரமம்தான் சரக்கு. இதில் நயமான தந்திரம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பிச்சை கேட்பதைவிட அது கண்ணியமான தந்திரம்.

கேட்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். குறளில் இரவச்சம் என்று தனி அதிகாரமே வைத்த மொழி நம்முடையது. கைநீட்டுவதில் உள்ள கூச்சம் நமக்கு விளக்காமலே புரியும். அந்தக் கூச்சம் கொடுப்பவரையும் தொற்றுகிறது. கேட்பவர் தானும் எதையோ கொடுத்துவிட்டுக் கேட்கும்போது அது பாதி குறைகிறது. 1980இல் டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞர், எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் பாதியில் நின்றது. அவர் கேட்டது புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கனடா மக்கள் தலைக்கு ஒரு டாலர். அதைக் கூட்டம் போட்டுக் கேட்டிருந்தால் எத்தனை பேர் காது கொடுத்திருப்பார்கள்? கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரை இதைச் சோதித்துப் பார்த்தது. சுகமான விருந்தைவிட வலியும் முயற்சியும் தேவைப்படும் நிகழ்ச்சிக்கே மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். பூங்கா அமைப்பது போன்ற காரியத்தைவிட மனிதத் துன்பத்தைத் துடைக்கும் காரியத்தில் இந்த விளைவு கூடுதலாக இருந்தது. அதாவது படும் பாட்டுக்கும் அது எதற்காக என்பதற்கும் ஒரு பொருத்தத்தை மனம் தேடுகிறது. ஃபாக்ஸிடம் அது அவர் உடம்பிலேயே இருந்தது. லெட்வில்லில் அது நிலத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் மூச்சு முட்டுபவர், சுரங்கக்காரர் வாழ்நாள் முழுக்க இழுத்த அதே காற்றை ஒரு பகல் இழுத்துப் பார்க்கிறார். அப்படிப் பார்த்தபின் அந்த ஊர்ப் பிள்ளைகளின் மேற்படிப்புக்குக் கொடுப்பது, மேலேயிருந்து போடும் தர்மமாக இருப்பதில்லை. எங்கோ ஒரு தெரியாத காரியத்துக்காக எங்கோ ஒரு தெரியாத மலையில் மிதிப்பவரிடம் இந்தப் பொருத்தம் இல்லை. அங்கே சந்தேகக்காரர் சொல்வது எனக்கும் சரியென்றே படுகிறது.

இதெல்லாம் தற்பெருமைக்கு மாட்டிய முகமூடி என்பார்கள். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் வெள்ளி பெல்ட் பக்கிள், 9 மணி நேரத்துக்குள் முடித்தால் அதைவிடப் பெரியது. அதற்குத்தான் வருகிறார்கள், ஊருக்கா வருகிறார்கள்? பலர் பக்கிளுக்குத்தான் வருகிறார்கள். அதனால் என்ன? கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயரை அதன்மேல் எழுதிவைத்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். பெருமையைவிட எனக்குக் கவலை தருவது பொய். 2009இல் இந்தப் பந்தயத்தை வென்றவர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். அதற்கு முன் தொடர்ந்து ஆறு முறை வென்ற டேவ் வீன்ஸை அந்த ஆண்டு அவர் தோற்கடித்தார். புற்றுநோயிலிருந்து மீண்டவர் என்ற பெயரில் அவர் கட்டிய லிவ்ஸ்ட்ராங் அறக்கட்டளை ஏராளமான பணம் திரட்டியது. 2012இல் அவருடைய டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்த பணம் போலியாகிவிடவில்லை. ஆனால் அதன்பின் அந்த அறக்கட்டளைக்கு வந்த நன்கொடை சரிந்தது. தான் பட்ட பாட்டைக் காட்டிக் கேட்பவருக்கு, அந்தப் பாடு நிஜமாக இருக்கவேண்டிய கடன் உண்டு.

கடினமான எதிர்வாதம் வேறொன்று. ஒரு பிள்ளையின் மேற்படிப்பு யாரோ ஒருவரின் நுரையீரலை நம்பி இருக்கலாமா? அது அரசின் கடமை ஆயிற்றே? க்ளோபரும் அவரோடு பந்தயத்தை வளர்த்த மெரிலி மாப்பினும் 2002இல் லெட்வில் ட்ரெயில் 100 லெகசி என்ற அறக்கட்டளையை அமைத்தார்கள். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் முடித்து மேலே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அது உதவித்தொகை தருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பந்தயத்தையே 2010இல் லைஃப் டைம் என்ற உடற்பயிற்சி நிறுவனம் வாங்கிவிட்டது. ஊரின் பெயரில் வரும் கூட்டத்தின் லாபத்தில் ஊருக்கு எவ்வளவு என்று கேட்பது நியாயமான கேள்வி. நுழைவுக் கட்டணம் வேறு, அறக்கட்டளைக்குப் போகும் நன்கொடை வேறு என்பது வருபவர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு விலை ஏறுவதையும் சொல்வார்கள். அதற்குப் பந்தயத்தைவிட, பக்கத்துப் பனிச்சறுக்கு ஊர்களில் வேலை செய்பவர்கள் இங்கே குடியிருக்க வருவது பெரிய காரணம். ஒரு விஷயத்தில் நான் எதிராளிகள் பக்கம். 2020இல் கொரோனாவால் பந்தயமே நடக்கவில்லை. ஆசிரியர் சம்பளமும் பள்ளிக் கூரையும் அதை நம்பி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே வருமானத்தை நம்பிய ஊர் எப்படிக் கவிழும் என்று லெட்வில்லுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரை வரிப்பணத்தில் நிற்கவேண்டும். அதற்கு மேல் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் கூடுதல் தைரியத்தைச் சைக்கிள்காரர்கள் கொடுக்கட்டும்.

கிளைமாக்ஸ் 2012இல் மறுபடி உற்பத்தியைத் தொடங்கியது. பந்தயம் தேவையில்லை என்று ஊர் அதற்காகச் சொல்லிவிடவில்லை. இப்போதும் ஆகஸ்டு மாத விடியலில் துப்பாக்கி வெடித்ததும் நூற்றுக்கணக்கானோர் கிளம்புகிறார்கள். மாலையில் சிலர் பவர்லைன் ஏற்றத்தில் நேரம் தவறி நிற்கிறார்கள். 12 மணி நேரத்தைத் தாண்டி வருபவருக்குப் பக்கிள் கிடையாது. அவரை நம்பி நன்கொடை கொடுத்தவர் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.