ஸ்டூலும் மூன்று அளவைகளும்

ஒரு நாடு தன் வேலைத்தலங்களில் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கிறதா என்பதை வெளியில் இருப்பவர் எப்படி அறிவது? நிர்வாகக் கேள்விபோலத் தோன்றும் இது, அடியில் அளவையியல் கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவுக்கு வழியாகும் அளவைகளைப் பத்துவரை எண்ணிவிட்டு, அத்தனையையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடுகிறது.

ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உரை. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைகளைப் பற்றி அரசு அறிக்கை அனுப்பும்; 1926இல் உருவான வல்லுநர் குழு படித்துக் கேள்வி கேட்கும். தன்னைப் பற்றித் தானே சொல்வதை எவ்வளவு நம்புவது? அதனால்தான் அறிக்கையின் நகலை முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய இரு தரப்பு அமைப்புகளுக்கும் தரவேண்டும் என்கிறது ஐ.எல்.ஓ. சாசனம். அவர்கள் மறுத்தும் எழுதலாம். மயிலாப்பூரில் கோயில் கொண்டிருக்கும் வள்ளுவரும் ஒற்றாடல் அதிகாரத்தில் மூவர் சொல் ஒத்தால் நம்பச் சொல்கிறார். ஆனால் ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியக் கூடாது என்பது அவர் நிபந்தனை. ஜெனீவாவின் மூன்று தரப்பும் ஒரே அவையில் உட்காருபவை. தவிர, சங்கம் இல்லாத தொழிலாளிக்கு அங்கே குரலும் இல்லை.

தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் இதை உரசிப் பார்க்கலாம். கடை, அலுவலகச் சுகாதாரம் பற்றிய 1964ஆம் ஆண்டின் 120ஆம் உடன்படிக்கை, ஊழியர்களுக்குப் போதிய இருக்கைகளோடு அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஆனாலும் 2018இல் கேரளமும், 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கின. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதற்காக ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நாள் முழுக்க நிற்பதால் வரும் உடல் உபாதைகளே காரணமாகச் சொல்லப்பட்டன.

ஆய்வாளர் வந்தால் கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருப்பதைக் காணலாம். அதன்மேல் பிரிக்காத புடவைக் கட்டு கிடந்தால் அதையும் காணலாம். விற்பனைப் பெண் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்பதைக் காண முடியாது. அதைக் கருதித்தான் அறியவேண்டும். இருக்கை பொருள், வாய்ப்போ உறவு. உடன்படிக்கை இரண்டையும் தனித்தனியாகச் சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கவேண்டும்.

கருதலில் வழக்கமாக நேரும் பிழை, புகார் வராததைக் குறை இல்லாததற்குச் சான்றாக்குவது. சித்தியார் எண்ணும் பத்தில் அபாவமும் ஒன்று: ஒன்று காணப்படாததால் அது இல்லை என்று அறிவது. இருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான் இது செல்லும். வெளிச்சமான அறையில் குடம் தென்படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் அப்படிச் சொல்ல முடியாது. புகார் செய்தால் வேலை போகும் என்று அஞ்சுகிற இடம் இருட்டறைதான்.

காண்டலுக்கும் எல்லை உண்டு. தொழிலாளர் ஆய்வு பற்றிய 81ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949இல் ஏற்றபோது வணிக நிறுவனங்களுக்கான இரண்டாம் பகுதியை விலக்கிவிட்டது. ஆகவே அந்த உடன்படிக்கையின்படி தொழிற்சாலை ஆய்வைப் பற்றி ஜெனீவா கேட்கலாம். தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவைப் பற்றிக் கேட்க இடமில்லை. ஆனால் 2022 ஜூனில் பாதுகாப்பும் ஆரோக்கியமுமான பணிச்சூழல் ஐ.எல்.ஓ.வின் அடிப்படை உரிமைகளில் சேர்க்கப்பட்டு, அதைப் பற்றிய 155, 187ஆம் உடன்படிக்கைகள் அடிப்படை உடன்படிக்கைகளாயின. இதனால், அவற்றை ஏற்காத நாடும் அந்தக் கோட்பாட்டை மதிக்கக் கடமைப்பட்டது.

81ஆம் உடன்படிக்கை தன் ஆய்வாளருக்குத் தரும் அதிகாரத்தில் முக்கியமானது, முன்னறிவிப்பின்றி இரவு பகல் எந்நேரமும் நுழையலாம் என்பது. கடைகளுக்கும் இது வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தால் எந்தக் கடையிலும் உட்கார நேரமிருக்கும்; உஸ்மான் சாலை ஸ்டூலைப் பார்க்கவேண்டிய நேரம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை.