ஒரு குறி மாறினால்

2021-இல் ஷான் எகின்ஸின் அமெரிக்க மருந்து நிறுவனம், ஒரு சுவிஸ் மாநாட்டுக்காக ஒரு சோதனை செய்து பார்த்தது. புது மருந்து மூலக்கூறுகளைத் தேடும் அவர்களுடைய மென்பொருள், நச்சுத்தன்மை இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கும். இந்த முறை கூட்டச் சொன்னார்கள். ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகள். விஎக்ஸ் நரம்பு நஞ்சும் அதில் இருந்தது. பயிற்சித் தரவில் அது கிடையாது.

'கருவியை மட்டும்தான் செஞ்சேன், யார் எதுக்குப் பயன்படுத்துறாங்கன்னு எனக்கென்ன தெரியும்' என்பது எங்கள் தொழிலின் வழக்கமான சமாதானம். இங்கே அது செல்லாது. எது நல்லது என்று அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தானே?

அவர்கள் எதையும் தயாரிக்கவில்லை. திரையில் இருப்பது குடுவைக்கு வர, கை பழகிய ஒரு கரிம வேதியியலாளர் வேண்டும். அவர் 'மாட்டேன்' என்றும் சொல்லலாம். அவருடைய வேலையைச் சுருக்கும் மென்பொருள்களும் இப்போது வருகின்றன, மருந்து சீக்கிரம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான்.