ஓசையும் ஒருமையும்

தசரா நெருங்கும் நாள்களில் மைசூரில் பீரங்கி ஒத்திகை நடைபெறும். விசயதசமியன்று 21 குண்டுகள் முழங்குவதற்கு முன்பாக, யானைகளையும் குதிரைகளையும் அவ்வோசைக்குப் பழக்குகின்றனர். முதல் முழக்கத்தில் மிரளும் யானையை எவரும் மன ஒருமையற்றது என்று பழிப்பதில்லை. தட்டிக்கொடுத்து மீண்டும் அழைத்து வருகின்றனர். மனிதரிடம் நாம் அந்தப் பரிவைக் காட்டுவதில்லை.

நம் இல்லத்து முதியவருக்கு ஓர் இரவு மருந்தைத் துளித்துளியாக எண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு வெடி வெடித்தது. பதினொன்றா, பன்னிரண்டா? கிண்ணத்தைக் கழுவிவிட்டு மீண்டும் தொடங்கினோம். “கவனம் எங்கே போயிற்று?” என்றார் அவர். குற்றவாளிபோல் நின்றோம்.

குற்றம் நம்முடையதுதானா? கண்ணை மூடலாம், செவிக்கு இமையில்லை. உறக்கத்திலும் காவல் காக்கும் புலன் அது. திடீர் ஒலியின்பால் திரும்புவதற்கு நம் இசைவை அது கேட்பதில்லை. எண்ணிக்கையோ மனத்துக்குள் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொள்ளும் வரையில்தான் நிற்கும். கோல், வெல்ஷ் என்னும் ஆய்வாளர் இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளை வரிசையாகப் பார்த்து நினைவிற்கொள்ள முயன்றவர்களின் செவியில் அவர்கள் அறியாத செருமன் மொழிப் பேச்சு ஒலித்தது, பிழைகள் மிகுந்தன. (கன்னடம் அறியாமல் இவ்வூருக்கு வந்த புதிதில், சந்தை இரைச்சலில் நம் கணக்குத் தவறியதற்கு இப்போதுதான் காரணம் விளங்கிற்று!) ஒரே சீராகப் பெய்யும் மழையொலி அவ்வளவாகக் கெடுப்பதில்லை, மாறி மாறி வரும் ஒலியே வரிசையைக் குலைக்கிறது.

அவதானிகள் இல்லையா என்று கேட்கலாம். 1907 மார்ச் 10இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரை நாமும் வியக்கிறோம். அவதான அவையில் எதிர்பாராத வேளைகளில் மணி அடிப்பர். செய்யுள் இயற்றும்போதே அதையும் எண்ணிச் சொல்ல வேண்டும். ஆயினும், மணி எப்போது வரும் என்பதுதான் அவதானிக்குத் தெரியாது. வரும் என்பது தெரியும். அதற்கு உடன்பட்டே அவர் அவையில் அமர்கிறார். தெருவெடிக்கு நாம் உடன்படவில்லை. பாடத்தில் தடுமாறும் சிறுவனிடம் அவதானியைக் காட்டிக் கடிந்துகொள்வது முறையன்று.

வெடித்தவனும் பகைவனல்லன். சுவருக்கு அப்பால் ஒருவர் துளிகளை எண்ணுகிறார் என்பதை அவன் எவ்வாறு அறிவான்? அறிய இயலாது என்பதனாலேயே அவன் அடங்கி ஒலிக்கக் கடமைப்பட்டவன் என்று நாம் கருதுகிறோம்.

இப்போதெல்லாம் ஐந்து துளிக்கு ஒரு கோடு தாளில் இட்டு எண்ணுகிறோம். முதியவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.