கற்கும் காலத்துக்கு யார் கூலி தருவது?

வேலையை இழந்து வீட்டிலிருக்கும் ஒருவரைக் காணும்போது நம் நாவில் எளிதாக வந்துவிடும் அறிவுரை ஒன்று உண்டு: "புதிதாக ஏதேனும் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்." நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆயினும், கேட்பவரின் செவியில் அது எவ்வாறு ஒலிக்கிறது என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இருபது ஆண்டுகள் ஒரு தொழிலைப் பழுதறச் செய்தவரிடம், குறை உம்மிடத்தில்தான் என்று அது சொல்லிவிடுகிறது. ஆலை மூடப்பட்டதோ அவருடைய அறியாமையால் அன்று.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்திலுள்ள திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையில், கடைசியாக வந்தவர் பெற்ற கூலியைப் பற்றியே நாம் மிகுதியாக மறையுரை கேட்டிருக்கிறோம். மாலை ஐந்து மணிக்கும் சந்தை வெளியில் நின்றவர்கள் தந்த விடை நம் கவனத்தில் அவ்வளவாகப் படுவதில்லை. தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றார்கள் அவர்கள். நிலக்கிழார் அதை ஐயுறவில்லை. சோம்பேறிகள் எனக் கடிந்துகொள்ளவுமில்லை.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களை ஒட்டி இக்கேள்வி அரசின் முன் வந்து நின்றது. மாற்றத்தில் வேலை இழப்போரைக் கைதூக்கிவிட 1992இல் தேசியப் புதுப்பித்தல் நிதி நிறுவப்பட்டது. மறுபயிற்சியும் மாற்று வேலையும் அதன் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன. நடந்தது வேறு. நிதியின் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் தொகைக்கே சென்றது. (அந்த 'விருப்பம்' எவருடையது என்பது தனியே ஆராயத்தக்கது.) 2000ஆம் ஆண்டில் அந்நிதியே கலைக்கப்பட்டது. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. ஒரு மனிதருக்கு மீண்டும் ஓர் இடத்தைத் தேடித் தருவதுதான் கடினம்.

பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாகப் போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அவ்வாலைத் தொழிலாளரிடையேதான் பிறந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. நூற்பாலையில் ஆண்டுக்கணக்காக உழைத்தவரின் விரல்கள், அறுந்த இழையைக் கண்ணிமைப்பதற்குள் ஒட்டிவிடும். தறியின் ஓசை சற்று மாறினாலே பழுது எங்கே என்று அவருடைய செவி அறிந்துகொள்ளும். அத்தகையவர் பயிற்சி நிலையத்தின் படிவத்தை நிரப்பும்போது, 'கல்வித் தகுதி' என்னும் கட்டத்தில் 'எட்டாம் வகுப்பு' என்று மட்டுமே எழுத முடிகிறது. எஞ்சிய அறிவை எழுத அப்படிவத்தில் இடமில்லை. அவரை ஒன்றுமறியாதவராகக் கருதித் தொடங்கும் பயிற்சி, எவ்வளவு தரமானதாயினும் அவரைச் சிறுமைப்படுத்துகிறது. முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை இப்போது அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இடம்பெற்றிருப்பது ஓர் ஆறுதல்.

ஆனால், மரியாதை மட்டும் உலையில் அரிசியாகாது. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மறுதிறன் நிதி ஒன்றுக்கு வழிசெய்கிறது. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பதினைந்து நாள் தொகையை முதலாளி அதில் செலுத்த வேண்டும். அது தொழிலாளியின் கணக்கில் சேரும். வேலையிழந்தவர் மீண்டும் கற்பதற்கு முதலாளியும் கடன்பட்டவர் என்று சட்டம் ஒப்புக்கொண்டது நன்று. ஆனால், தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்பாளர் பயிற்சிக்கு ஓராண்டு ஆகிறது. பதினைந்து நாள் எங்கே, ஓராண்டு எங்கே? ஆட்குறைப்பு இழப்பீடும் பணிக்கொடையும் தனியே உண்டுதான். அவை பழைய கடனுக்கும் மகளின் திருமணத்துக்கும் போய்விடுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? பதிவேட்டில் பெயரே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் இந்தப் பதினைந்து நாளும் இல்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உழைப்பைப் பற்றி 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில், நேரடி முதலாளியோடு மறைமுக முதலாளி ஒருவரையும் சுட்டிக்காட்டினார். உழைப்பின் நிலைமைகளை வகுக்கும் அரசும் பிற அமைப்புகளும் அவ்வகையைச் சேர்ந்தவை. வேலையற்றோரின் பிழைப்புக்கு வழிசெய்வதை அவர் ஈகையாகக் கருதவில்லை. கடமை என்றே உரைத்தார். இக்கருத்தை நாம் இன்னும் சற்று நீட்டிப் பார்க்கலாம். விலை மலிந்த துணியை மகிழ்ந்து வாங்கிய நாமும், ஆலை மூடியதன் பயனில் ஒரு பங்கைப் பெற்றவர்களே. பயனைப் பெற்றவர்கள் விலையில் ஒரு பங்கைத் தராமல், அறிவுரையை மட்டும் தருவது நீதியாகுமா?

நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் பள்ளியை முடித்த இளைஞருக்கானவை. நாற்பத்தைந்து வயதுக்காரர் அவர்கள் நடுவே அமரக் கூசுவார். மாலை வேளைகளில் அங்குள்ள எந்திரங்கள் ஓய்ந்துதான் கிடக்கின்றன. அரிசியும் பள்ளிக் கட்டணமும் வழங்கும் வின்சென்ட் தே பவுல் சபையினர், பங்கில் ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகையை ஓராண்டுக்கு ஏற்றுக்கொண்டால், ஒரு தந்தையோ தாயோ மாலை வகுப்பில் மனக்கலக்கமின்றி அமரலாம். பயிற்சி முடித்தவரைத் தம் பட்டறையில் சேர்த்துக்கொள்ளக் கூடியவர்களும் அதே பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்கள்தாம். அவர்களிடம் முன்கூட்டியே பேசிவைப்பது பங்குப் பேரவையால் இயலாத காரியமன்று.