நம்மவர் என்றால் தராசு சாயலாமா?

 

போன மாதம் கிராஞ்சியில் நம் சத்சங்கம் முடிந்து, பிரசாத வரிசையில் நிற்கும்போது ஒரு தம்பி கேட்டார்: “ஐயா, ஒரு கட்சியோட எம்பி மேல ஊழல் புகார் வந்தா அந்தக் கட்சி என்ன செய்யணும்? நம்ம நூல்கள்ல இதுக்கு ஏதாவது வழி சொல்லியிருக்கா?” பக்கத்தில் நின்ற தங்கை விடவில்லை. “சத்சங்கத்துல அரசியல் பேசலாமா ஐயா?” என்றார்.

தங்கையின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்சி நல்லது, அந்தக் கட்சி கெட்டது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சமயத்தையும் கட்சி அரசியலையும் கலக்காமல் இருப்பது இந்த நாட்டின் கட்டுப்பாடு. அது நமக்கும் நல்லது. ஆனால் ஆளுகிறவர்களின் அறத்தைப் பேசாமல் நம் சமயத்தைப் பேச முடியுமா, சொல்லுங்கள். பாரதம் பேசுகிறது, பெரியபுராணம் பேசுகிறது. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம், செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார். ஆகவே அறத்தை மட்டும் பேசுவோம்.

இனி தம்பியின் கேள்வி. மனுநீதிச் சோழன் கதை உங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். திருவாரூர் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி. இளவரசன் வீதிவிடங்கனின் தேர்ச் சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. கன்று இழந்த பசுவின் துயரத்தைத் தானும் பட வேண்டும் என்று மகன்மேல் தேரை ஓட்டினான் அரசன். பிறகு இறைவன் காட்சி கொடுத்து எல்லோரையும் உயிர்ப்பித்தார். இவ்வளவுதான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் பெரியபுராணத்தில் நடுவே இன்னொரு பகுதி இருக்கிறது. அமைச்சர்கள் அரசனிடம் வந்து சமாதானம் சொல்கிறார்கள். கன்று தானாகத்தானே ஓடிவந்து விழுந்தது, பிராயச்சித்தம் செய்தால் போதுமே என்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, விசுவாசத்தில் சொல்கிறார்கள். அரசன் கேட்கவில்லை. பசுவுக்கு ஒரு நீதி, என் பிள்ளைக்கு ஒரு நீதியா என்பதுதான் அவன் நிலை. இன்றைக்கு ஒவ்வொரு கட்சி அலுவலகத்திலும், ஏன், ஒவ்வொரு சங்கத்திலும் அந்த அமைச்சர்களின் குரல் கேட்கிறது. “நம்மாளுங்க, கொஞ்சம் பாத்துச் செய்வோம்” என்கிற குரல்.

இந்தக் கதையோடு நிறுத்திக்கொண்டால் பாதி அறம்தான் கிடைக்கும். மறுபாதி மதுரையில் இருக்கிறது. பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை அப்படியே நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து. இவள் சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். தான் தவறிவிட்டோம் என்று தெரிந்த அந்தக் கணமே அவன் உயிர் போனது. புகார் வந்தவுடனே குற்றவாளி என்று முடிவுகட்டுவதும் கொடுங்கோல்தான்.

ஆக, திருவாரூர் சொல்வது: நம்மவர் என்பதற்காக விசாரணையைத் தடுக்காதே. மதுரை சொல்வது: விசாரணை முடியாமல் தண்டிக்காதே. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம்.

நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2023 ஜூலை 11ஆம் தேதி, அன்றைய போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனை லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு கைது செய்தது. நம் சமூக விழாக்களில் நாம் அடிக்கடி பார்த்த முகம். பல தமிழ் வீடுகளில் அன்றைக்கு வருத்தம். “நம்ம ஆளுக்கா இப்படி?” என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! தம்பி, அந்த வருத்தம் தப்பில்லை. ஆனால் “நம்ம ஆளு அப்படிச் செய்யவே மாட்டார்” என்று யாராவது சொல்லியிருந்தால் அது அமைச்சர்களின் குரல். “அப்பவே தெரியும், எல்லாரும் திருடனுங்க” என்று சொல்லியிருந்தால் அது விசாரிக்காத பாண்டியனின் குரல்.

அவரை விடுப்பில் போகச் சொன்னார் பிரதமர். சம்பளம் மாதம் 8,500 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் படித்தொகை மட்டும் தொடர்ந்தது. அதையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி 2023 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. விசாரணை முடிவு தெரியட்டும், அப்புறம் முடிவு செய்வோம் என்றது ஆளும் தரப்பு. தீர்மானம் தோற்றது. ஒரு தரப்பு, வேலை செய்யாதவருக்கு மக்கள் பணம் ஏன் என்று கேட்டது. மறுதரப்பு, குற்றம் நிரூபணமாகாதவரை முன்கூட்டியே தண்டிக்கலாமா என்று கேட்டது. இரண்டு பக்கமும் அறத்தில் காலூன்றித்தான் பேசின. இப்படி வெளிப்படையாக வாதாடுவது நாட்டுக்கு ஆரோக்கியம்.

2024 ஜனவரி 18ஆம் தேதி அவர்மீது 27 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அமைச்சர் பதவி, நாடாளுமன்ற இடம், கட்சி உறுப்பியம் மூன்றையும் விட்டார். கைதானதிலிருந்து வாங்கிய சம்பளத்தையும் படித்தொகையையும் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். வழக்கு நடந்தபோது லஞ்சக் குற்றச்சாட்டுகள் மாற்றப்பட்டன. கடைசியில் ஐந்து குற்றங்களை ஒப்புக்கொண்டார். அரசுப் பணியில் இருப்பவர், தம் பதவியோடு தொடர்புள்ளவர்களிடமிருந்து விலையுயர்ந்த பொருள்களைப் பெற்றது நான்கு. நீதிக்கு இடையூறு செய்தது ஒன்று. 2024 அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதச் சிறை. அரசுத் தரப்பு கேட்டதைவிட நீதிபதி கொடுத்தது கூடுதல்.

இதில் இளையர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘லஞ்சம்’ என்றால் நமக்கு உறைக்குள் பணம்தான் நினைவுக்கு வரும். இங்கே வந்ததோ கார்ப் பந்தய நுழைவுச்சீட்டு, நாடகச் சீட்டு, விமானப் பயணம், மதுப்புட்டி, சைக்கிள். எல்லாம் நண்பர் கொடுக்கும் அன்பளிப்பு மாதிரி வந்தவை. உங்களில் பலர் நாளைக்கு அரசு வேலைக்குப் போவீர்கள், நிறுவனங்களில் கொள்முதல் பார்ப்பீர்கள். யாராவது ஏதாவது நீட்டினால் மனசுக்குள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை என்றால் இது எனக்கு வருமா? வராது என்றால் அது உங்களுக்கு வந்ததல்ல, நாற்காலிக்கு வந்தது. நாற்காலியோ மக்களுடையது.

இங்கே இது புதிதும் இல்லை. 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் டே சியாங் வான்மீது லஞ்சப் புகார் விசாரணை நடந்தது. அவர் பிரதமர் லீ குவான் இயூவைச் சந்திக்க விரும்பினார். விசாரணை முடியும்வரை பார்க்க முடியாது என்று பதில் வந்தது. விசாரணை முடியுமுன் அந்த டிசம்பரில் அமைச்சர் உயிர் நீத்தார். வேதனையான முடிவு, யாரும் மகிழ முடியாது. ஆனாலும் கூடவே உழைத்த சகாவாக இருந்தாலும் விசாரணை நடக்கும்போது தனியறையில் பேச்சு கிடையாது என்ற அந்த ஒரு கோடு முக்கியம்.

நம் ஆராய்ச்சி மணி 1952இல் அமைந்த லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு. அது பிரதமரின்கீழ் இருக்கிறது. அப்படியானால் பிரதமரே தடுத்தால்? அதற்கும் 1991இல் அரசமைப்பில் வழி செய்தார்கள். பிரதமர் மறுத்தாலும் அதிபர் இசைந்தால் விசாரணை தொடரலாம். அரண்மனைக்காரர்களே மணியின் நாக்கைக் கட்டிவிட முடியாதபடி செய்த ஏற்பாடு இது.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம், நம்மில் பலரின் தாத்தா பாட்டி ஊர் இருக்கிற தமிழகத்தைப் பாருங்கள். ஈஸ்வரன் கைதாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னால், 2023 ஜூன் 14ஆம் தேதி, அமைச்சர் செந்தில் பாலாஜியை அமலாக்கத்துறை கைது செய்தது. அதிமுக ஆட்சியில் அவர் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது வேலைக்குப் பணம் வாங்கப்பட்டது என்பது புகார். அதன் தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. நாம் சொல்லக் கூடாது. கட்சிகள் நடந்துகொண்டதை மட்டும் பார்ப்போம். அவர் அதிமுகவில் இருந்தபோது திமுக அவரைக் கடுமையாகக் குறை சொன்னது. 2018இல் அவர் திமுகவில் சேர்ந்தார். குறை சொல்லும் வேலையை அதிமுக எடுத்துக்கொண்டது. கைதான பிறகும் 2024 பிப்ரவரி வரை இலாகா இல்லாத அமைச்சராக இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜாமீன் கிடைத்த மூன்றாம் நாள் மறுபடி அமைச்சர். பதவி வேண்டுமா, ஜாமீன் வேண்டுமா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகே 2025 ஏப்ரலில் விலகினார். மனிதர் அதே மனிதர், புகாரும் அதே புகார். தோளில் இருந்த துண்டின் கரைதான் மாறியது. அதோடு இரண்டு கட்சிகளின் தராசும் மாறிவிட்டது. திருதராஷ்டிரனுக்குக் கண் தெரியாதது குறையில்லை, இளையர்களே. விதுரர் எத்தனை முறை சொல்லியும் “என் பிள்ளை” என்றே இருந்தானே, அதுதான் குறை.

அரசியல்வாதிகளைப் பேசுவது சுலபம். நம் வீட்டைப் பார்ப்போமா? சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தலைமை அர்ச்சகராக இருந்தவர், 2016 முதல் 2020 வரை அம்மன் நகைகளைத் திரும்பத் திரும்ப அடகு வைத்தார். மதிப்பு 20 லட்சம் வெள்ளிக்கு மேல். 2020இல் நகைகளைக் கணக்கெடுக்கும் நேரம் வந்தபோது விஷயம் வெளியே வந்தது. நகைகள் மீண்டன. அதோடு, “கோயில் மானம் போய்விடும், உள்ளேயே முடிச்சுக்கலாம்” என்று மூடாமல் போலீசுக்குப் போனார்கள். 2023இல் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அன்றைக்கு மானம் போனதா? இல்லை. மூடியிருந்தால்தான் போயிருக்கும். இன்றும் நாம் நம்பி உண்டியலில் காசு போடுகிறோம்.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் நான்கு. ஒன்று, புகாரை விசாரிப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பியை விசாரிக்க முடியாது. இரண்டு, விசாரணை முடியும்வரை அவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். விலகி நிற்பது தண்டனை ஆகாது, தராசில் கை படாமல் இருப்பதற்கான வழி. மூன்று, நடப்பதை மக்களிடம் மறைக்கக் கூடாது. நான்கு, எதிர்க்கட்சிக்காரர் மாட்டினால் என்ன கேட்போமோ அதையே நம்மவர் மாட்டும்போதும் கேட்க வேண்டும். கட்சிக்கும் இதுதான், நம் இளையர் சங்கத்தின் பொருளாளருக்கும் இதுதான்.

ஐந்தாவதாகச் சமயம் ஒன்று சொல்கிறது, அதைச் சட்டம் சொல்லாது. தண்டனையை அனுபவித்து வந்தவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்வரன் தம் தண்டனையை முடித்துவிட்டார். கோயில் வாசலில் அப்படி ஒருவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பாதீர்கள், கைகூப்புங்கள். தீர்ப்பு வரும்வரை பொறுமை, வந்தபின் ஏற்பு, முடிந்தபின் அன்பு.

நாம் கூடுகிற இதே கிராஞ்சியில் போர் நினைவிடம் இருக்கிறது. அங்கே 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள். சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், நம் இந்திய வீரர்களின் பெயர்களும் சேர்த்து. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்று இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு. அடுத்த சத்சங்கத்துக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள், எல்லோரும் ஒருமுறை நடந்து பார்த்து வருவோம். இறந்தவர்களுக்குக் காட்டும் சமநீதியை இருப்பவர்களுக்கும் காட்ட அம்பிகை நமக்குத் துணிவு தரட்டும்.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி.