யார் முடிவு சொல்லணும்?

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு விட்டுடுவார்." அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து மகன்கள் இப்படிக் கேட்கும்போது, மருத்துவர்களாகிய நாங்களும் பெரும்பாலும் தலையாட்டிவிடுகிறோம். அது பாசம்தான். ஆனால் யாருடைய உடம்பைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி பிறகொரு நள்ளிரவில் ஐசியு வாசலில் மகளிடம் வந்து நிற்கும். தொண்டையில் குழாய் போடலாமா, வேண்டாமா? எதைச் சொன்னாலும் அவள் காலம் முழுக்க மருகுவாள்.

டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பாட்டியிடம், உடம்பு சற்றுத் தெளிவாக இருந்த நாளில், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நோயைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் பாட்டி?"

"எல்லாம் தெரியும் தம்பி. கேட்டா புள்ளைங்க பயந்துடுவாங்கன்னு இருக்கேன்."

"பேச முடியாம ஆயிட்டா, உங்களுக்காக யார் முடிவு சொல்லணும்?"

மூத்த மகனைச் சொல்வார் என்று நினைத்தேன். மருமகளைச் சொன்னார். "அவதான் அழாம நான் சொன்னத சொல்லுவா."

இந்தப் பேச்சைக் கருணைக்கொலையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். வென்டிலேட்டர் வேண்டாம் என்பவருக்கும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து உண்டு, கடைசிவரை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோயாளி எப்போது வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும்தான்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கண்ணியத்தோடு இறப்பதை அடிப்படை உரிமையாக ஏற்று, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்துக்கும் வழிவிட்டது. அதற்கு மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டியிருந்தது, யார் அலைவார்கள்? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். அதன் பிறகும் சிகிச்சையை நிறுத்த, மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும்.

பத்திரம் எழுதாதவர்களே மிகுதி. அதனால்தான் பேசியதைப் பேச்சோடு விடக் கூடாது என்கிறேன். மருமகளையும் மகன்களையும் அழைத்து, பாட்டியையே அவர்களிடம் சொல்லவைத்து, கேஸ் ஷீட்டில் தேதியிட்டு எழுத வேண்டும். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் இரவில் பணியில் இருக்கப்போவது வேறொரு மருத்துவர்.